சிலீசியாவில் தேசாதிபதி சிசரோ

மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ என்னும் உரோமரின் பெயரை அறியாத பழைய மாணவர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். இலத்தீன் மொழி நம் நாட்டுக் கல்லூரிகளிற் பரீட்சைப் பாடமாயிருந்த காலத்திற் பயின்றோர், அவர்தம் நெடிய வாக்கியங்களில் வினைமுற்றைத் தேடியலைந்த துன்பத்தை எளிதில் மறந்திரார். இளைய மாணவர் அவரைச் சரித்திர நூல்களிற் பெரும் நாவலராக அறிவர். ஆயின், அவர் ஓராண்டு காலம் ஒரு மாகாணத்தை ஆண்ட அதிகாரியாகவும் இருந்தார் என்பதும், அவ்வோராண்டிற் காணிக்கை, உபசாரம், சிபார்சு என்னும் மூன்றோடும் அவர் போராட நேர்ந்தது என்பதும் பலர் அறியாதன. கச்சேரிகளிலும், மாநகர சபைகளிலும், பிரதேச சபைகளிலும் கடமையாற்றும் அன்பர் பலர் இம்மலரைக் கையிலெடுப்பர் ஆதலின், யாம் அவருடைய வாழ்க்கையுள் அப்பகுதியையே விரித்தெழுத விரும்பினோம்.

சிசரோ கி. மு. 106 ஆம் ஆண்டில், உரோமாபுரிக்குத் தென்கிழக்கேயுள்ள அர்ப்பீனம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடும்பம் வசதியுள்ளதே, ஆனால் அக்குடும்பத்தில் அவருக்கு முன் எவரும் உரோமாபுரியின் உயர்பதவி எதனையும் வகித்தாரல்லர். பரம்பரைப் பெருமையில்லாத இத்தகையோரை உரோமர் புதிய மனிதர் என அழைத்தனர். பெருங்குடியிற் பிறந்தோர் செல்வத்தாலும் உறவாலும் பெற்ற பதவியை இவர் நாவன்மையால் ஈட்ட வேண்டியிருந்தது. பெற்ற நற்பெயரைத் தாமே ஓயாது பேசிக்கொள்ளும் குறையும் அதனாலேயே அவரிடம் வளர்ந்தது போலும்.

கி. மு. 75 இற் சிசிலித் தீவின் மேற்குப் பகுதியில், இலிலிபேயம் என்னும் இடத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, பொக்கிஷ அதிகாரியாக ஓராண்டு பணிபுரிந்தார். உரோமாபுரியில் தானியம் அருகியிருந்த காலம் அது. பெருந்தொகையான கோதுமையை அனுப்பியும், உள்ளூர் மக்களுக்கு இடுக்கண் செய்யாது ஒழுகியும் நற்பெயர் பெற்றார். கணிதம் பயிலும் மாணவர்க்கு ஒரு செய்தி: சிராக்கூஸ் நகரின் புறத்தே முட்புதர் மூடிக்கிடந்த ஆர்க்கிமிடிசின் கல்லறையைத் தேடிக் கண்டவரும் இவரே. கோளமும் உருளையும் பொறித்த தூணைக் கொண்டு அதனை இன்னதென அறிந்தார். பணி முடிந்து மீளும்போது, தலைநகர் முழுவதும் தம் புகழே பேசப்படுகின்றது என எண்ணிக்கொண்டு பூத்தியோலித் துறையில் இறங்கினார். அங்கே எதிர்ப்பட்ட ஒருவர், உரோமாபுரியிலிருந்து என்று புறப்பட்டீர், அங்கே என்ன புதினம் என்று வினவினார். மாகாணத்திலிருந்து வருகின்றேன் என்றதும், ஆபிரிக்காவிலிருந்தோ என்றார் அவர். சிசிலியிலிருந்து என்று இவர் சற்றுச் சினந்து கூற, அருகிலிருந்த வேறொருவர் எல்லாம் அறிந்தவர்போல, இவர் சிராக்கூசில் அன்றோ இருந்தார் என்று அதனையும் பிழையாகச் சொன்னார். இக்கதையைப் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் நின்று கூறி நகைத்தவர் சிசரோவே.

அவர் தொண்டினைச் சிசிலி மக்கள் மறந்தாரல்லர். கி. மு. 73 முதல் மூன்றாண்டு அத்தீவை ஆண்ட வெறஸ் என்னும் தேசாதிபதி, கோயிற் சிலைகளையும் குடிகளின் விளைச்சலையும் வாரிக்கொண்டபோது, அவர்கள் சிசரோவிடமே முறையிட்டனர். முதலாண்டு வருவாய் தமக்கு, இரண்டாமாண்டு வருவாய் நியாயவாதிகட்கு, மூன்றாமாண்டு வருவாய் நீதிபதிகட்கு என வெறஸ் பகிரங்கமாகவே பங்கிட்டிருந்தார் எனச் சிசரோ குற்றஞ்சாட்டினார். சாட்சியந் திரட்ட 110 நாள் தவணை பெற்றவர், சிசிலி முழுவதையும் 50 நாளிற் சுற்றி முடித்தார். கி. மு. 70 ஆவணி மாதம் வழக்குத் தொடங்கியது. நீண்ட சொற்பொழிவை விடுத்து, சாட்சிகளை அடுத்தடுத்து நிறுத்தினார். முதற்கட்ட விசாரணை முடிந்த பின் வெறஸ் தீர்ப்புக்குக் காத்திராது மசிலியாப் பட்டினத்துக்கு ஓடிப்போயினர். எதிர்வாதி பக்கம் தோன்றிய ஒர்த்தென்சியஸ் அக்காலத்து நியாயவாதிகளுட் தலையாயவர். வெறசிடமிருந்து ஸ்பிங்ஸ் என்னும் உருவச்சிலை ஒன்றைப் பரிசாகப் பெற்றிருந்தார். விடுகதைகள் தமக்கு விளங்கா என்று அவர் கூற, விடுகதை போடும் ஸ்பிங்சே வீட்டிலிருக்க விளங்காதது எவ்வாறு என்று சிசரோ கேட்டாராம்.

அடுத்த ஆண்டில் அவர் நகரக் காரியங்களை மேற்பார்க்கும் ஈடில் பதவியிலிருந்தபோது, சிசிலி மக்கள் நன்றிக்கடனாகத் தம் தீவின் விளைபொருள்களை அனுப்பினர். அவர் அவற்றைத் திருப்பியனுப்பவில்லை. தாம் வைத்துக்கொள்ளவும் இல்லை. தலைநகரில் உணவுப்பொருளின் விலையைத் தாழ்த்துவதற்கு அவற்றைப் பயன்படுத்தினார் எனப் புளூட்டார்க் எழுதுகின்றார். அதனாற் சிசரோவுக்குச் செல்வாக்கு வளர்ந்தது என்பதும் உண்மையே.

எனினும் அவர் முற்றுந் துறந்த முனிவரல்லர். வழக்காடுவோர் அதற்காகப் பணமோ கொடையோ பெறலாகாது எனக் கி. மு. 204 இல் ஏற்பட்ட சின்சியச் சட்டம் விதித்தது. சட்டம் கொடையைத் தடுத்ததே அன்றிக் கடனைத் தடுக்கவில்லை. கி. மு. 62 இற் பலத்தீன் மேட்டில் ஒரு மாளிகையை முப்பத்தைந்து இலட்சம் செஸ்தேர்ஸ் நாணயத்துக்குச் சிசரோ வாங்கினார். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த புப்பிளியஸ் சுல்லா என்பவரிடம் அதற்காக இருபது இலட்சம் இரகசியமாகக் கடன் வாங்கினார் என்பது அவுலஸ் கெல்லியஸ் தரும் வரலாறு. செய்தி வெளிப்பட்டபோது, கடன் வாங்கவுமில்லை, வீடு வாங்கும் எண்ணமுமில்லை என மறுத்தார். வீட்டை வாங்கிய பின் எதிரிகள் இடித்துரைக்க, ஒரு பொருளை வாங்க எண்ணும் விவேகி அவ்வெண்ணத்தை மறைத்தலே முறை என்று நகையாடி விட்டுவிட்டார். சுல்லாவுக்காக வழக்காடியவரும் அவரே. சுல்லா விடுதலையும் பெற்றார். சிசரோவின் புகழ்பாடும் நூல்கள் பெரும்பாலும் இதனை விட்டுவிடுகின்றன. விடுதல் தகாதென்பது எமது கருத்து.

கி. மு. 63 இல் அவர் கொன்சல் பதவி வகித்ததும், கத்திலீனன் சதியை அடக்கியதும், கி. மு. 58 இல் நாடுகடத்தப்பட்டு மறு ஆண்டு மீண்டதும் மாணவர் வேறு நூல்களிற் காணலாம்.

மாகாண அதிகாரிகளைக் கட்டுப்படுத்த உரோமர் இயற்றிய விதிகளைச் சிறிது கூறுதல் வேண்டும். கி. மு. 149 இற் கல்பூர்னியச் சட்டம், அதிகாரிகள் பறித்த பொருளை மீட்பதற்கென ஒரு நிலையான நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. கி. மு. 59 இற் கொன்சலாயிருந்த யூலியஸ் சீசர் நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் கொண்ட யூலியச் சட்டத்தை நிறைவேற்றினார். தேசாதிபதியும் பரிவாரமும் வழிப்பயணத்தில் ஊராரிடம் பெறத்தக்கன வைக்கோல் முதலிய சில்லறைப் பொருள்கள் என அது வரையறுத்தது. பதவி முடிவிற் கணக்கேடுகளை மாகாணத்தின் இரு நகரங்களில் வைப்பதோடு, திறைசேரிக்கும் ஒரு பிரதி ஒப்படைத்தல் வேண்டும். நகர அதிகாரி ஓராண்டில் நூறு பொன்னுக்கு மேற்பட்ட கொடையை ஏற்றலாகாது என்ற விதியும் யூலியச் சட்டத்தின் பாற்பட்டது எனச் சக்கரவர்த்தி யுஸ்தினியன் காலத்திற் றொகுத்த நியாயநூல் கூறும். நூறு பொன் என்பது பதினாயிரம் செஸ்தேர்ஸ். அகுஸ்துவின் காலத்திற் படைவீரன் ஒருவன் ஆண்டொன்றுக்குப் பெற்ற சம்பளம் 900 செஸ்தேர்ஸ். அஃதாவது, பதினொரு படைவீரரின் ஆண்டுச் சம்பளத்தை ஓர் அதிகாரி அன்பளிப்பாகப் பெறலாம், அது குற்றமன்று! இதனை வரம்பு என்பதா, வழி என்பதா என்று வாசகரே தீர்மானிப்பாராக. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த செவெரஸ், கரக்கல்லா என்னும் சக்கரவர்த்திகளோ, எவரிடத்தும் ஒன்றும் வாங்காதிருத்தல் மனிதத்தன்மையன்று, எல்லாரிடத்தும் வாங்குதல் இழிவினும் இழிவு என்று தம் தேசாதிபதி ஒருவர்க்கு அறிவுறுத்தி, அளவை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டனர்.

கி. மு. 52 இற் பொம்பி கொணர்ந்த சட்டத்தால், இதுகாறும் மாகாணம் ஆளாத பழைய கொன்சல்மாரும் போகவேண்டியவராயினர். சிசரோவுக்குச் சிலீசியா விழுந்தது. இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியும், உள்நாட்டு நகரங்கள் பலவும், சைப்பிரஸ் தீவும் அடங்கிய பெருமாகாணம் அது. அவருக்கோ போக மனமில்லை. பதவிக்காலம் ஓராண்டிற்கு மேல் ஒரு நாளும் நீளாதபடி பார்த்துக்கொள்ளுமாறு நண்பர் யாவரையும் கடிதம் மேற் கடிதமாக வேண்டிக்கொண்டார்.

கி. மு. 51 யூலை 31 இல் இலாவோதிக்கேயா நகரத்தை அடைந்தார். முன்னிருந்த தேசாதிபதி அப்பியஸ் குளோடியஸ் பெருங்குடிப் பிறந்தவர். அவர் விட்டுச் சென்ற மாகாணத்திற் சிசரோ செவிமடுத்ததெல்லாம் தலைவரி இறுக்க இயலாத குடிகளின் அழுகுரலே. இதில் வேடிக்கை யாதெனில், அதே நகரங்கள் அப்பியசின் நல்லாட்சியை மூதவையிற் புகழ்ந்துரைப்பதற்குத் தம் செலவில் தூதுக்குழுக்களை அனுப்ப ஏற்பாடு செய்திருந்தன. சிசரோ அச்செலவை மட்டுப்படுத்தினார். அப்பியஸ் மனத்தாங்கல் கொண்டார்.

தம் பயணத்திற் சிசரோ சட்டம் அனுமதித்த வைக்கோலையும் வாங்கவில்லை, விறகையும் வாங்கவில்லை. நான்கு கட்டிலும் ஒரு கூரையுமே அவருடன் சென்றோர் பெற்றவை. பலவிடங்களில் அக்கூரையும் வேண்டாது கூடாரத்தில் தங்கினர். அவருடைய உதவி அதிகாரிகளுள் ஒருவர் மாத்திரம் யூலியச் சட்டப்படி பெறத்தக்கதைப் பெற்றார். அவரும் ஏனையோரைப்போல ஊர்தோறும் பெறாது, நாளுக்கொருமுறையே பெற்றார் எனச் சிசரோ தம் உயிர்நண்பர் அத்திக்கசுக்கு எழுதுகின்றார். ஒரு நாளைக்கு ஐந்து ஊர் கடந்து ஐந்து ஊரிலும் பெறுதல் சட்டத்தின் எழுத்துக்கு மாறாகாது என்று கருதிய அதிகாரிகள் அக்காலத்திலும் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

மாரிகாலத்திற் படையைத் தம் ஊரில் நிறுத்தாதிருக்கும்படி செல்வமுள்ள நகரங்கள் தேசாதிபதிக்குப் பணங் கொடுத்து வந்தன. சைப்பிரஸ் தீவார் மட்டும் கொடுத்தது 200 தாலந்து. சிசரோ அதில் ஒரு காசும் பெற்றாரல்லர். நன்றி மேலிட்ட நகரத்தார் சிலையெடுக்கவும், கோயில் கட்டவும், நான்கு குதிரை பூட்டிய வெண்கலத்தேர் நிறுத்தவும் முன்வந்தனர். தேசாதிபதிக்குக் கோயிலெடுக்கப் பணம் பெறுதலைச் சட்டமே விலக்களித்து அனுமதித்திருந்தது. அவ்வாறிருந்தும், வாய்ச்சொல்லான நன்றியன்றி வேறெதனையும் அவர் ஒப்பவில்லை. இலஞ்சத்தை மறுப்பவர் பலர் மாலையை மறுப்பதில்லை. புகழாசையிற் றலைசிறந்த இம்மனிதர் மாலையை மறுத்தது எமக்கு வியப்பளிக்கின்றது.

உள்ளூர் நகரசபைகளின் கணக்கை அவர் ஆராய்ந்த வகை அதனினும் சிறப்புடையது. கடந்த பத்தாண்டில் அந்நகரங்களிற் பதவி வகித்த கிரேக்கர், ஊர்ப்பணத்தைப் பெருவாரியாகக் கையாடியிருந்தனர். நகரங்கள் உரோம வரிக்குத்தகைக்காரருக்கு நிலுவை வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிசரோ அவர்களைத் தனித்தனி அழைத்து விசாரித்தார். அவர்கள் ஒப்புக்கொண்டனர்; பகிரங்க அவமானம் எதுவுமின்றித் தாமே பணத்தைச் சுமந்து வந்து ஊராரிடம் திருப்பிக் கொடுத்தனர். நிலுவை வரியும் அதனால் இறுக்கப்பட்டது. குற்றவாளிகளைத் தண்டியாது விட்டது பிழை என்பாரும் உளர். வழக்கு நடத்தியிருப்பின் ஓராண்டும் வழக்கிலேயே கழிந்திருக்கும். பணம் நியாயவாதிகளிடம் போயிருக்கும் என்பது எமது எண்ணம். முறையீடு செய்வோர் அவரைக் காண வாயிற்காவலரின் தயவும் வேண்டியிருக்கவில்லை. வைகறைக்கு முன்னரே எழுந்து, முன்னர்த் தேர்தலில் வாக்குக் கேட்ட நாளிற்போல, வீட்டில் உலாவிக்கொண்டிருப்பார். எவரும் நேரே சென்று பேசலாம்.

உரோமாபுரியிலிருந்த இளநண்பர் கேலியஸ், தாம் ஈடிலாக நடத்தவிருந்த வேட்டைக் காட்சிக்குச் சிறுத்தைகள் பிடித்தனுப்புமாறு ஓயாது எழுதினார். காட்சிச் செலவுக்கு மாகாண நகரங்களிற் பணம் திரட்டவும் கேட்டார். பணத்தைச் சிசரோ கண்டிப்பாக மறுத்தார். சிறுத்தைக்கு வேடிக்கையாக விடையிறுத்தார். தம் மாகாணத்திற் சிறுத்தைகளைத் தவிர வேறு எவ்வுயிருக்கும் வலைவிரிக்கப்படுவதில்லை எனக் குறைகூறி, அவை பக்கத்து மாகாணத்துக்குக் குடிபெயரத் தீர்மானித்துவிட்டனவாம்!

இனி, சலாமிஸ் நகரத்தின் கதை. சைப்பிரஸ் தீவிலுள்ள இந்நகரம் ஸ்காப்தியஸ், மத்தினியஸ் என்னும் இருவரிடம் கடன்பட்டிருந்தது. வட்டி மாதம் நூற்றுக்கு நான்கு, ஆண்டுக்கு நாற்பத்தெட்டு. நம் ஊரார் அறாவட்டி என்று சொல்வது இதனையே. கடனை அறவிடுவதற்கு அப்பியஸ் குளோடியஸ் ஸ்காப்தியசுக்குப் படைத்தலைவன் பதவியும் குதிரைவீரர் சிலரும் கொடுத்திருந்தார். அவ்வீரர் நகரசபை மண்டபத்தை வளைத்து அங்கத்தவரை உள்ளே அடைத்துவைத்தனர். ஐவர் பட்டினியால் மாண்டனர். ஒரு நகரசபையின் அங்கத்தவர், தம் சபை மண்டபத்திலேயே, ஊர்க்கடனுக்காக!

சிசரோ மாகாணத்திற் கால்வைத்தவுடனே அக்குதிரைவீரரைத் தீவைவிட்டு வெளியேறக் கட்டளையிட்டார். ஸ்காப்தியஸ் மீண்டும் பதவி கேட்டபோது, மாகாணத்தில் வியாபாரம் செய்யும் எவருக்கும் பதவி கொடுப்பதில்லை என்பது தம் விதி என மறுத்தார். மாதம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வட்டி செல்லாது எனத் தம் பிரகடனத்தில் முன்னரே விதித்திருந்தார். தார்சஸ் நகரில் இரு திறத்தாரும் அவர்முன் வந்தனர். அவ்விதிப்படி கணக்குப் பார்த்ததிற் கடன் 106 தாலந்து எனக் கண்டது. ஸ்காப்தியஸ் கேட்டது ஏறத்தாழ 200. சலாமிஸ் நகரத்தார் 106 தாலந்தையும் உடனே கொடுக்க ஆயத்தமாயிருந்தனர். பணம் எங்கிருந்து வந்தது? தேசாதிபதிக்கு வழக்கமாகக் கொடுப்பதைத் தாம் பெறாதபடியாற் கடனை ஒருவகையில் தம் பணத்திலிருந்தே இறுப்பதாக அவர்கள் கூறினர் எனச் சிசரோ எழுதுகின்றார். மறுக்கப்பட்ட அன்பளிப்பு ஓர் ஊரின் கடனைத் தீர்க்கவிருந்தது.

ஆனால் தீர்க்கவில்லை. அக்கடனுக்கு உண்மையான உரிமையாளர் ஸ்காப்தியஸ் அல்லர். நேர்மைக்கு இலக்கணம் என உரோமர் போற்றிய மார்க்கஸ் புறூட்டசே. அவர் அப்பியசின் மருமகர், சிசரோவின் நண்பர். இரவல் பெயரில் வட்டிக்குக் கொடுத்த அவர், காலஞ்சென்றே உண்மையை வெளியிட்டார்; உதவி கேட்கும்போதும் அவர் கடிதங்கள் கர்வமாகவே இருந்தன எனச் சிசரோ மனம் நொந்தார். அத்திக்கசும், ஐம்பது குதிரைவீரரையாவது ஸ்காப்தியசுக்குக் கொடுக்கலாகாதா என எழுதினார். அதனை வாசித்தபோது ஐவரின் பட்டினிச்சாவைச் சிசரோ நண்பர்க்கு நினைவூட்டினார்; வீரரைக் கொடுக்கவில்லை. ஆயினும், கடன்கொடுத்தோன் பணத்தை ஏலாதவிடத்து அதனைக் கோயிலில் வைப்பாக இட்டு வட்டி வளராது நிறுத்துதல் அக்கால வழக்கம். சலாமிஸ் நகரத்தார் அதற்கு அனுமதி கேட்டனர். காரியத்தை அப்படியே விட்டுவிடும்படி ஸ்காப்தியஸ் இரந்தான். சிசரோ விட்டுவிட்டார்; வைப்பிடவும் அனுமதிக்கவில்லை; தீர்ப்பைத் தமக்குப் பின் வருவோர்க்கு ஒதுக்கினார்.

ஓராண்டுத் தேசாதிபதி ஒருவர், புறூட்டஸ், அப்பியஸ் ஆகிய பெருங்குடியினரை ஒருங்கே பகைத்தல் எளிதன்று என அவர்க்காக வாதிப்பர். குதிரைவீரரை மறுத்ததனாற் பின்னர் அவர் ஆட்சியில் எவரும் பட்டினியிற் சாகவில்லை என்பதும் மெய். அவ்வளவையும் ஒப்புக்கொண்டும் யாம் கேட்பது ஒன்று: விறகை மறுக்க முடிந்த கைக்கு ஓர் அனுமதியை எழுத ஏன் முடியவில்லை? விறகைக் கொடுக்க வந்தவன் ஊரான். கடிதம் எழுதியவர் நண்பர். யூலியச் சட்டத்தின் நூற்றுச்சொச்சம் பிரிவுகளும் ஊரானைப் பற்றியே பேசின.

அமனஸ் மலைநாட்டிற் படைநடத்தி, பிந்தெனிசம் என்னும் கோட்டையை 57 நாள் முற்றுகையிட்டுப் பிடித்ததும் அவ்வாண்டிலேயே. வெற்றி ஊர்வலம் வேண்டுமென்ற ஆசை அதனாற் பிறந்து, நெடுநாள் அவரை அலைக்கழித்தது.

கி. மு. 50 இற் பதவி முடிந்தபோது, செலவிற்கு ஒதுக்கிய பணத்தில் மிஞ்சிய பத்து இலட்சம் செஸ்தேர்சைத் திறைசேரிக்குச் செலுத்தினார். அப்பணத்தைத் தமக்குப் பங்கிடுதலே முறையென எதிர்பார்த்திருந்த பரிவாரத்தார் முணுமுணுத்தனர். கணக்கேடுகளைச் சட்டப்படி இலாவோதிக்கேயா, அப்பமேயா என்னும் இரு நகரங்களிலும் வைத்தார். அவ்வாண்டிற் சட்டத்துக்கு மாறின்றி அவருக்குச் சேர்ந்தது இருபத்திரண்டு இலட்சம். சட்டத்துக்கு மாறின்றி என்பது அவருடைய கூற்றே. ஓராண்டு நேர்மைக்கு இருபத்திரண்டு இலட்சம் மிஞ்சியதாயின், மூன்றாண்டு கொள்ளையில் வெறசுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என மாணவர் கணக்கிடுக. அப்பணத்தை எபேசு நகரில் வரிக்குத்தகைக்காரரிடம் வைத்திருந்தார்.

அவர் இத்தாலி மீண்டு சில வாரங்களிற் சீசருக்கும் பொம்பிக்கும் இடையே உள்நாட்டுப்போர் மூண்டது. எபேசில் வைத்திருந்த பணம் முழுவதையும் பொம்பி போர்ச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். வெற்றி ஊர்வலம் நடைபெறவேயில்லை. கி. மு. 44 இற் சீசரைக் கொன்றோருட் புறூட்டஸ் ஒருவர். சிசரோ அந்தோனியை எதிர்த்துப் பேசியமையால், கி. மு. 43 டிசம்பர் 7 இல், போர்மியே என்னும் ஊரினருகே கொலையுண்டார். வயது அறுபத்துமூன்று.

அவருடைய சொற்பொழிவுகள் அவரே செப்பஞ்செய்து வெளியிட்டவை. அத்திக்கசுக்கு எழுதிய கடிதங்களோ ஊரார் வாசிப்பதற்கென எழுதியவையல்ல. கி. பி. 1345 இல் இத்தாலியப் புலவர் பெத்திராக்கா அக்கடிதங்களின் ஏட்டை வெரோனா நகரிற் கண்டெடுத்தார். தாம் தெய்வம்போற் போற்றிய சிசரோவின் தடுமாற்றங்களை அவற்றிற் கண்டு வருந்தி, இறந்து பதின்மூன்று நூற்றாண்டு கடந்த அவருக்கே ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். வைக்கோலும் விறகும், நான்கு கட்டிலும், சலாமிஸ் மண்டபத்தில் இறந்த ஐவரும் நமக்குத் தெரியவந்தது அவ்வேட்டினாலேயே. 106 தாலந்துக் கடன் அதிற் பலமுறை பேசப்படுகின்றது. அது தீர்க்கப்பட்டதாக ஒரு கடிதத்திலும் இல்லை.